வாய்க்காலுக்கு சிமெண்ட் போடலாமா? முதலில் கிணற்றைக் கேட்போம்

போன மாதம் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியபோது பேச்சு ஒரே விஷயத்தில் போய் நின்றது. ஊருக்கு மேற்கே ஓடும் மண் வாய்க்காலுக்கு சிமெண்ட் போடுவதா, வேண்டாமா?

வாய்க்காலை ஒட்டி உளுந்து போடுகிறவர்கள் ஒரு பக்கம். மழைநெல் அறுத்த கையோடு ஈரத்தில் விதைத்துவிடுவார்கள். தை பிறந்து கோடை நெல்லுக்கு மதகு திறந்ததும், பூ எடுக்கிற நேரத்தில் கரையோரச் செடி மஞ்சளடிக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகல் நாற்றம் வரும். பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறும் உளுந்து அது. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கையில் காசு பார்ப்பதே அதில்தான். அவர்கள் "சீக்கிரம் போடுங்கள் சிமெண்டை" என்கிறார்கள்.

கிழக்கே அரை மைல் தள்ளிக் குடியிருப்பவர்கள் மறு பக்கம். மாசி, பங்குனியிலும் அவர்கள் கிணற்றில் தண்ணீர் நிற்பது அந்த வாய்க்காலின் கசிவால்தான். கூட்டத்தில் என் பெரியப்பா எழுந்து, "தம்பி, வாய்க்காலைப் பூசுறதும் எங்க கிணத்தைத் தூர்க்கிறதும் ஒண்ணுதான்" என்றார். இரண்டு தரப்பு சொல்வதும் உண்மை. கை தூக்கச் சொல்லி எண்ணி இதை முடிக்க முடியாது. அதனால்தான் கொஞ்சம் விவரமாக எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஊர் கீழ் பர்மாவில், பெகு நகருக்கு வடக்கே, யோமா மலையடிவாரத்துக்கும் சிட்டாங் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. இதே மாதிரி மண்ணும் மழையும் உள்ள ஊர்க்காரர்களுக்கும் இது உதவலாம்.

கசிந்த தண்ணீர் எங்கே போகிறது?

மண் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் அடியிலும் பக்கத்திலும் உள்ள மண் முதலில் குடிக்கிறது. அது நிறைந்தபின் நீர் கீழே இறங்கி, ஏற்கெனவே இருக்கும் நிலத்தடி நீரில் போய்ச் சேர்கிறது. சேரும் இடத்தில் நீர்மட்டம் ஒரு மேடு போல உயர்ந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிகிறது. வாய்க்காலுக்கு அருகில் உள்ள கிணறு சில நாளில் ஏறுவதும், தள்ளி உள்ளது வாரக்கணக்கில் கழித்து ஏறுவதும் இதனால்தான். மணல் ஓடை புதைந்த இடமாக இருந்தால் சீக்கிரம் ஏறும். களிமண் என்றால் மெதுவாக.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கசிவு வருஷம் முழுக்க ஒரே அளவில் இருக்காது. வாய்க்கால் நீர்மட்டத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளிதான் தண்ணீரைக் கீழே இழுக்கிறது. எங்கள் பக்கம் வருஷத்துக்குப் பெய்யும் மழை 3,000 மில்லிமீட்டருக்கும் மேல், அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள். ஆவணி, புரட்டாசியில் நிலத்தடி நீர் தரை வரைக்கும் வந்துவிடும். அப்போது வாய்க்கால் கசியாது. சில இடங்களில் நிலத்திலிருந்துதான் வாய்க்காலுக்குள் தண்ணீர் வரும். ஆகவே மழைக்காலத்தில் கிணற்றை நிரப்புவது வானம். வாய்க்கால் கைகொடுப்பது தை முதல் சித்திரை வரை, அந்த மூன்று நான்கு மாதம்தான். ஆனால் கிணறு வற்றுவதும் அந்த மாதங்களில்தான்.

மீக்டிலா, ஷ்வேபோ பக்கம் மேல் பர்மாவில் கதை வேறு. அங்கே மழை குறைவு, கசிவே பெரிய வரவு. ஆனால் சில இடங்களில் அடியில் இருக்கும் நிலத்தடி நீரே உப்பு. நல்ல தண்ணீர் அதில் போய்க் கலந்தால் யாருக்கும் பயனில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சிமெண்ட் போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மூங்கில் குச்சியும் ஒரு வாளியும்

கூட்டத்தில் ஒருவர் "பாதித் தண்ணி வீணாப் போவுது" என்றார். இன்னொருவர் "அதெல்லாம் ஒண்ணும் போகலே" என்றார். இரண்டுமே வாய்க்கு வந்த கணக்கு. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பயிற்சிக் கையேடு ஒரு பொதுக் கணக்கு சொல்கிறது: இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான, ஒழுங்காகப் பராமரித்த மண் வாய்க்காலில் விட்ட தண்ணீரில் மணல் மண்ணில் 60 சதவீதம், வண்டலில் 70, களிமண்ணில் 80 சதவீதம் கடைமடை சேரும். பூசிய வாய்க்காலில் 95. மணலுக்கும் களிக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, எங்கள் வாய்க்காலில் எங்கே எந்த மண் என்று தெரியாமல் என்ன பேசுவது?

அதனால் நாங்களே அளந்தோம். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் முடிந்து மதகு மூடிய வாரம் அதற்குத் தோதான நேரம். நூறு மீட்டர் நீளத்துக்கு இரு முனையிலும் மூங்கில் தட்டியும் மண் மூட்டையும் போட்டு அடைத்தோம். மிச்சமிருந்த தண்ணீரை பம்பு வைத்து அதற்குள் நிரப்பினோம். நடுவில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் கத்தியால் ஒரு கீறல். பக்கத்துக் கரையில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதற்குள்ளும் ஒரு கோடு. வாளியில் இறங்குவது வெயிலில் ஆவியானது. வாய்க்காலில் இறங்குவதில் அதைக் கழித்தால் மிச்சம் மண்ணுக்குள் போனது. இருபத்து நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். பையன்கள் விடிய விடிய காவல் இருந்தார்கள், எருமை இறங்கிவிடக் கூடாது என்று.

மூன்று இடத்தில் செய்தோம். தலைப்பிலிருந்து முதல் 3 கிலோமீட்டர் சரளையும் செம்புறை மண்ணும். அங்கே ஒரு நாளில் 34 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. நடுவில் 2 கிலோமீட்டர் மணல் கலந்த வண்டல், அங்கே 19. கடைசி 7 கிலோமீட்டர் கறுப்புக் களி, அங்கே வெறும் 8. வாளியில் இறங்கியது 7 மில்லிமீட்டர்தான். வாய்க்காலின் நீர்ப்பரப்பு சுமார் 5 மீட்டர் அகலம் என்று வைத்துப் பெருக்கினால், கிலோமீட்டருக்கு ஒரு நாளில் மேலே 1,665 கன மீட்டர், நடுவில் 915, கடைசியில் 365 மண்ணுக்குள் போகிறது. நீளத்தோடு பெருக்கினால் மேல் 3 கிலோமீட்டரில் மட்டும் ஏறத்தாழ 5,000 கன மீட்டர். மொத்தக் கசிவில் பாதிக்கு மேல் அங்கேதான்! கோடை நெல்லுக்கு நாளுக்கு 10 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஏக்கருக்கு 40 கன மீட்டர். அந்த 5,000 கன மீட்டரில் 120 ஏக்கருக்கு மேல் பாய்ச்சலாம். இது தோராயக் கணக்குதான். ஓடுகிற தண்ணீர் வேறு, நின்ற தண்ணீர் வேறு. ஆனாலும் எந்தத் துண்டு எப்படி என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

எங்களைத் தூக்கிவாரிப் போட்டது கடைசித் துண்டு. உளுந்து அழுகுவது அங்கேதான். ஆனால் கசிவு மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். காரணம் இதுதான்: களிமண் உள்ளே போன கொஞ்சத் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே சரளையில் நாலரை மடங்கு கசிந்தும் ஒரு செடி அழுகவில்லை.

கிணற்றுக் கயிறு சொன்னது

கோயில் கிணறு நடுத்துண்டிலிருந்து இருநூறு மீட்டர். செங்கல் உறை இறக்கிய பழைய கிணறு. அதில் நான் மூன்று வருஷமாகக் கயிறு விட்டுப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். கயிற்றில் ஒரு கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், யாரும் தண்ணீர் இறைப்பதற்கு முன்னால். விளிம்பிலிருந்து நீர் வரை எத்தனை முடிச்சு என்று எண்ண வேண்டியதுதான்.

மதகு திறந்து ஐந்தாறு நாளில் ஒரு முழம் ஏறும். மாசி முழுக்க அப்படியே நிற்கும். மதகு மூடிய பிறகு மூன்றே வாரத்தில் மூன்று முழம் இறங்கும். ஒரு வருஷம் கரை உடைந்து, மராமத்துக்காகத் தையில் திறக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பங்குனியில் கிணற்றில் வாளி மண்ணைத்தான் தொட்டது. பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் வைக்கப் பக்கத்து ஊரிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தோம். பெரியப்பா பேச்சில் இருந்த கோபத்துக்கு அந்த வண்டிதான் காரணம்.

மேல் துண்டின் கசிவு வேறு வழியில் போகிறது. வாய்க்காலுக்குக் கீழே ஒரு ஓடை உண்டு. கரையோரம் அங்கங்கே ஊற்றாகக் கிளம்பி, குளிர்ந்து தெளிந்து ஓடும். மதகு மூடினால் பத்து நாளில் அந்த ஊற்றும் நின்றுவிடும். அந்தத் தண்ணீர் எங்கள் கிணறு எதற்கும் வருவதில்லை.

முன்னால் இருக்கும் வழிகள்

முழுக்க சிமெண்ட் போடுவது முதல் வழி. பார்க்க நன்றாக இருக்கும். தூர்வாரும் வேலை குறையும், கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும். ஆனால் நடுத்துண்டுக் கிணறுகள் போய்விடும். இது வெறும் பயமில்லை. தமிழ்நாட்டில் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட அரசு கிளம்பியபோது ஈரோட்டுப் பக்கம் என்ன நடந்தது என்று அங்கே உறவுள்ளவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 200 கிலோமீட்டர் நீளம், 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். வாய்க்காலை ஒட்டி, கசிவை நம்பிக் கிணறு வெட்டியவர்கள் உண்ணாவிரதம் வரைக்கும் போனார்கள். கடைமடைக்காரர்கள் சிலர் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். எங்கள் மண்டபத்தில் நடந்ததே அங்கே பெரிதாக நடந்திருக்கிறது.

நாடு விட்டு நாடும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆல் அமெரிக்கன் கால்வாயில் 37 கிலோமீட்டருக்கு சிமெண்ட் போட்டு 2010 வாக்கில் முடித்தார்கள். வருஷத்துக்கு 67,700 ஏக்கர் அடி, அதாவது அத்தனை ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் மிச்சமாகும் என்பது கணக்கு. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் மெக்சிகாலி சமவெளி விவசாயிகள் பல காலமாக அந்தக் கசிவைக் கிணற்றில் இறைத்துப் பயிர் செய்து வந்தவர்கள். ஒரு கரையில் மிச்சம் என்று எழுதியது மறு கரையில் நஷ்டமாகிவிட்டது.

முழு சிமெண்டுக்கு எதிராக எங்கள் ஊருக்கென்றே ஒரு காரணம் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரை வரை வரும் என்றேனே, அப்போது வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் இருந்தால், கீழிருந்து தள்ளும் நீர் சிமெண்ட் பலகையைத் தூக்கி உடைத்துவிடும். அடியில் ஓட்டைக் குழாய் வைத்து அழுத்தத்தை விட வேண்டும். அந்த ஓட்டை இரண்டு மழைக்குள் களியால் அடைந்துவிடும். களிமண் வேறு வெயிலில் வெடித்து மழையில் உப்பும். கடைசி 7 கிலோமீட்டரில் போடும் சிமெண்ட் எத்தனை வருஷம் நிற்கும்? நிற்காது என்றே நினைக்கிறேன். அதோடு, சரிவான சிமெண்ட் கரையில் விழுந்த பிள்ளையோ கன்றுக்குட்டியோ பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது. போடுவதானால் ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒரு படிக்கட்டு வைத்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அப்படியே விட்டுவிடுவது இரண்டாவது வழி. வண்டல் படியப் படிய மண் வாய்க்கால் கொஞ்சம் தானே அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அளவுக்கு மேல் தூர்வாரி அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டால் கசிவு கூடும். ஆனால் ஒன்றும் செய்யாவிட்டால் உளுந்துக்காரர்களுக்குப் பதில் இல்லை. அவர்களை ஒவ்வொரு தையிலும் நஷ்டப்படச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

மூன்றாவது, கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே மண் போடுவது. மலிவு. ஆனால் எருமை இறங்கி மிதித்தால் தாள் கிழிந்துவிடும், எங்கள் ஊரில் எருமை இருக்கும் வரை அது நடக்காது.

நாலாவது, வாய்க்காலை சிமெண்டாக்கிவிட்டு, கிணற்றுக்குப் பதில் குழாய்க் கிணறு போட்டுத் தருகிறோம் என்பது. பர்மியர்கள் குழாய்க் கிணற்றை அவீசித் துவின் என்பார்கள். அவீசி பௌத்தத்தில் ஆக அடியில் உள்ள நரகம், அவ்வளவு ஆழம் என்று அர்த்தம். பேர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். டீசல் விலை ஏறும்போதெல்லாம் அதன் ஆழம் கையைக் கடிக்கிறது. சூரிய ஒளி பம்பு வந்தபின் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஆழக் கிணற்றில் பல இடத்தில் இரும்பு கலந்து வருகிறது. வெள்ளை வேட்டியை ஒருமுறை அதில் அலசினால் காவியாகிவிடும். மேல்மட்டக் கசிவு நின்றபின் ஆழத்தில் உள்ளதை மட்டும் இறைத்தால் அதுவும் ஒருநாள் இறங்கும். கசிவு நிலத்தில் நிற்பதும் அதைச் சிறு பம்பால் மேலிருந்து எடுத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று துணை. பஞ்சாபில் கால்வாய் கசிந்து நிலத்தடி நீர் தரைக்கு வந்து, உப்புப் பூத்து நிலம் கெட்டபோது, பாகிஸ்தான் 1960களில் வரிசையாகக் குழாய்க் கிணறு போட்டு நீர்மட்டத்தைக் கீழே இறக்கியது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே செய்த மருந்து அது. நோய் இல்லாத இடத்தில் அதையே செய்யக் கூடாது.

என் பரிந்துரை

வாய்க்கால் ஒன்றுதான், ஆனால் மண் மூன்று. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் என்று திட்டம் போட்டதுதான் கோளாறு.

மேல் 3 கிலோமீட்டருக்கு அடியும் பக்கமும் சேர்த்து சிமெண்ட் போடலாம். கசிவில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது, எங்கள் கிணறு எதுவும் அதை நம்பி இல்லை. அடிவாரம் என்பதால் மழைநீர் வடிந்துவிடும், பலகை தூக்கும் பயமும் குறைவு. அங்கே மிச்சமாகும் தண்ணீர் கடைமடை வரைக்கும் வரும்.

நடு 2 கிலோமீட்டரில் அடியை மண்ணாகவே விட வேண்டும். வளைவுகளில் கரை அறுத்துப் போகாமல் இருக்கப் பக்கச் சுவர் மட்டும் கட்டலாம். பக்கச் சுவர் கட்டினாலும் கசிவு கொஞ்சம் குறையத்தான் செய்யும், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அடி திறந்திருக்கும் வரை கிணறு பிழைத்துக்கொள்ளும். அடியில் ஒரு கை சிமெண்ட் விழுந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசி 7 கிலோமீட்டரில் சிமெண்டே வேண்டாம். வாய்க்காலுக்கும் உளுந்து வயலுக்கும் நடுவில், கரையடியிலிருந்து சில மீட்டர் தள்ளி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டினால் போதும். கரை வழியே வரும் கசிவு வேருக்குப் போகும் முன் அதில் விழுந்து கீழே ஓடிவிடும். அந்தத் தண்ணீரைக் கடைமடை வயலுக்கே திருப்பலாம், வீணும் இல்லை. சிமெண்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். பெரும்பாலும் மண்வெட்டி வேலை. கஷ்டம் என்னவென்றால், வடிகாலுக்காக ஒவ்வொருவரும் நிலத்தில் ஒரு பட்டையை விட்டுக்கொடுக்க வேண்டும். வருஷாவருஷம் புல் செதுக்க வேண்டும், விட்டால் இரண்டு மழையில் மூடிவிடும். உளுந்துக்காரர்களில் இருவரிடம் இதைச் சொன்னேன். ஒருவர் சரி என்றார். மற்றவர், "ஏன் அண்ணே, எங்க நிலம்தான் கிடைச்சுதா?" என்றார். அவர் கேள்வி நியாயம். அவர் விட்டுக்கொடுக்கும் பட்டைக்கு, கிணற்றுக்காரர்கள் வருஷத்துக்கு இத்தனை ஆள்வேலை புல் செதுக்கித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். பெரியப்பா தன் வீட்டிலிருந்து இரண்டு ஆள் தருவதாகச் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி. மேல் துண்டின் கசிவு எங்கள் கிணற்றுக்கு வரவில்லை என்றேன். ஆனால் ஓடையில் கிளம்பும் அந்த ஊற்று எங்கே போகிறது? கீழே இரண்டு மைலில் ஒரு பர்மியக் கிராமம். கோடையில் அவர்கள் மாடு குளிப்பதும் காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் எடுப்பதும் அந்த ஓடையில்தான் என்று மாட்டுக்காரர் ஒருவர் சொன்னார். எங்கள் கிணற்றுக்காக நாங்கள் இவ்வளவு பேசுகிறோமே, அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெக்சிகாலிக்காரர்களுக்கு நடந்ததை அவர்களுக்கு நாங்கள் செய்துவிடக் கூடாது. ஓடையை நம்பித்தான் இருக்கிறார்கள் என்றால், சிமெண்டின் நடுவில் ஒரு சிறு மதகு வைத்து, கோடையில் ஓடைக்கு ஒரு பங்கு விட வேண்டும். 120 ஏக்கர் 100 ஏக்கராகக் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் கிணற்றை அளந்த பிறகு, அதே கயிற்றை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போகிறோம். அவர்கள் கிணறுகளிலும் விட்டுப் பார்த்து, முடிச்சை எண்ணி எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் மண்டபத்தில் மறுபடி கூட்டம்.